கணவர் டிப்ளாய்மென்டில்: உதவி நிறைய இருக்கிறதாம், எனக்குக் கதவுதான் தெரியவில்லை

நடைவண்டி (பதிவு 1)

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவர் அமெரிக்க ஆர்மியில் ஆக்டிவ் டியூட்டி, அதாவது முழுநேர வீரர். விசா கிடைத்து நானும் மகனும் வந்து பதினாலு மாசம் ஆகிறது. அவர் டிப்ளாய்மென்ட் (யூனிட்டோடு வெளியிடப் பணி) போய் ஏழு வாரம். பேஸுக்கு (ராணுவ முகாம்) வெளியே, பதினோரு மைல் தள்ளி அபார்ட்மென்ட். மகனுக்கு இரண்டரை வயசு தாண்டிவிட்டது, நாலைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. குழந்தை டாக்டர் "இஎஃப்எம்பி" என்று ஏதோ ஒன்றில் சேரச் சொன்னார். போனில் கணவரிடம் சொன்னேன். "அதில் பேரைக் கொடுத்தா அடுத்த போஸ்டிங் போயிடும், நான் வந்து பார்த்துக்கிறேன்" என்றார்.

யூனிட்டில் நடந்த குடும்பங்கள் கூட்டத்துக்கு ஒரு தடவை போனேன். அழைப்பில் 'எல்லாக் குடும்பங்களும் வருக' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர்கள் பேசிய வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்துவிட்டு வந்தேன். அடுத்த மாசம் போகவில்லை.

இரண்டு கேள்வி. இஎஃப்எம்பியில் சேர்ந்தால் நிஜமாகவே அவர் வேலைக்குப் பாதிப்பா? என்னை மாதிரி ஆளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

---

பழைய_சார்ஜென்ட் (பதிவு 2)

வாங்கம்மா. நான் மாவ்னி திட்டத்தில் 2009-ல் உள்ளே போனவன். தெரியாதவர்களுக்கு: கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித்திறமைக்காக ஆர்மி எடுத்துக்கொண்ட திட்டம் அது. மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் நிறுத்திவிட்டார்கள். அந்த வழியாக வந்த நம் ஆட்களின் குடும்பங்கள்தான் இன்றைக்கு உங்கள் மாதிரி பேஸ் பேஸாக இருக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில். இஎஃப்எம்பி என்பது விசேஷத் தேவை உள்ள குடும்பத்தினருக்கான பதிவு. ஆக்டிவ் டியூட்டியில் இருப்பவருக்கு இது விருப்பம் இல்லை, கட்டாயம். பதவி உயர்வுக் குழுவின் கைக்கு இந்தத் தகவல் போகாது. போஸ்டிங்கைத் தொடும் என்பது மட்டும் உண்மை. புது இடத்தில் பையனுக்குத் தேவையான சிகிச்சை இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். வெளிநாட்டு பேஸ் ஒன்றில் அது இல்லையென்றால், குடும்பத்தோடு அங்கே போக அனுமதி கிடைக்காமல் போகலாம். உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது அதற்காக இருக்கும். பதியாமல் போய், அங்கே தெரபிஸ்டே இல்லாமல் குழந்தை இரண்டு மூன்று வருஷம் இருந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேளுங்கள். டிரைகேரில், அதாவது ராணுவ மருத்துவக் காப்பீட்டில், எக்கோ என்று கூடுதல் உதவி உண்டு, அதற்கும் இந்தப் பதிவு இருந்தால்தான் வழி.

இரண்டாவதுக்கு: மிலிட்டரி ஒன்சோர்ஸ், ராணுவக் குடும்பங்களுக்கான உதவி எண், 800-342-9647. இருபத்துநாலு மணி நேரமும், இலவசம். கேட்டால் எல்லாம் கிடைக்கும், நாம்தான் கேட்பதில்லை.

---

கடலோடி_வீட்டுக்காரி (பதிவு 3)

அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் அந்தக் கடைசி வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. கேட்பதற்கு முதலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதன் பெயர் தெரிய வேண்டும். தகவல் முழுக்க யூனிட் வழியாக வீரருக்குப் போகிறது. அவர் இமெயிலைத் திறந்து பார்த்து வீட்டில் சொன்னால்தான் உண்டு. அவர்களுடைய காகிதத்தில் புருஷன் 'ஸ்பான்சர்', நான் 'டிப்பென்டன்ட்'. டிப்பென்டன்டுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

நடைவண்டி, நான் நேவி, சான் டியாகோ. பதினோரு வருஷம், ஐந்து கப்பல் பயணம் பார்த்தாச்சு. இந்தப் பட்டியலையெல்லாம் ஓரம் வையுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கார் ஓட்டுவீர்களா?

---

நடைவண்டி (பதிவு 4)

இல்லை அக்கா. லைசென்ஸ் எடுக்கவில்லை. அவர் போகும்முன் கற்றுக்கொடுப்பதாக இருந்தது.

---

கடலோடி_வீட்டுக்காரி (பதிவு 5)

அதுதான். பதினோரு மைல், பஸ் கிடையாது, கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் 'எல்லோரும் வருக' என்று அச்சடித்தால் அது காகிதத்துக்குத்தான் அழகு. பேஸில் குடும்பங்களுக்கு உதவுகிற ஆர்மி கம்யூனிட்டி சர்வீஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "வண்டி இல்லை, குழந்தை இருக்கிறது, போனில் அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று சொல்லுங்கள். நேரில்தான் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கேளுங்கள்.

நேவியில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு ஆம்புட்ஸ்மேன் உண்டு. பெரும்பாலும் இன்னொரு வீரரின் மனைவிதான். குடும்பத்துக்கும் கேப்டனுக்கும் நடுவில் நிற்கிற ஆள். 1970-ல் அப்போதைய நேவித் தலைவர் அட்மிரல் சம்வால்ட் கொண்டுவந்த ஏற்பாடு. அதே வருஷம் டிசம்பரில் அவர் இன்னோர் ஆணை போட்டார், இசட்-66. கறுப்பின அதிகாரிகளையும் மாலுமிகளையும் அவர்கள் மனைவிமாரையும் உட்காரவைத்துக் கேட்ட பிறகு எழுதியது. அதைத் தேடிப் படித்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பேஸ் கடையில் அவர்கள் வாங்குகிற சாமான் இருக்க வேண்டும், அவர்கள் முடியை வெட்டத் தெரிந்த பார்பர் இருக்க வேண்டும், கமாண்டருக்கு நேராகப் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்றால் எனக்கு அதுதான். பார்பர் கடை வரைக்கும் இறங்கி யோசிப்பது.

---

மழலைமொழி (பதிவு 6)

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். ராணுவக் குடும்பம் இல்லை, ஆனால் பேஸ் பக்கத்து ஊரில் வேலை, இந்த மாதிரிக் குழந்தைகள் நிறைய வருவார்கள். நடைவண்டி, மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், இதில் மட்டும் அவசரம். கவனமாகப் படியுங்கள்.

மூன்று வயது நிறையும் வரை உங்கள் மாநிலத்தின் 'எர்லி இன்டர்வென்ஷன்' திட்டம் உங்கள் பிள்ளைக்கு உண்டு. இது கூட்டரசுச் சட்டம். ராணுவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேஸ் அனுமதி வேண்டாம், கணவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம், டாக்டர் சீட்டுகூட வேண்டாம். அம்மாவே போன் செய்து சொல்லலாம். பரிசோதனை இலவசம். நீங்கள் சொன்ன நாளிலிருந்து 45 நாளுக்குள் பரிசோதனை முடித்து, திட்டம் போடும் கூட்டத்தையும் நடத்தியாக வேண்டும். மூன்று வயது தாண்டினால் பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்குப் போய்விடும், அங்கே எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். உங்களுக்குச் சில மாதங்கள்தான் இருக்கின்றன.

இன்னொன்று. "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது, வெள்ளைக் கோட்டு போட்டவரே ஆனாலும், சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பரிசோதனையைக் குழந்தையின் வீட்டு மொழியில் செய்ய வேண்டும், முடியவே முடியாது என்றால்தான் விலக்கு. மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். கேட்கும்போது 'இந்தியன்' என்று சொல்லாதீர்கள், இந்திக்காரரைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு தடவை நடந்திருக்கிறது. 'டமில்' என்று அவர்கள் உச்சரிப்பிலேயே எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.

---

பழைய_சார்ஜென்ட் (பதிவு 7)

தங்கச்சி கடலோடி சொன்னது உறைத்தது. ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்ன ஒன்சோர்ஸிலும் 150-க்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போன் மொழிபெயர்ப்பு உண்டு என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் மாதிரி ஆவணங்களை மொழிபெயர்த்தும் கொடுப்பார்கள். இரண்டும் இலவசம். நான் இதைத் தெரிந்துகொண்டது வேலையை விட்டு வெளியே வரும் வருஷத்தில்தான்!

---

வார_இறுதி_வீரன் (பதிவு 8)

நேஷனல் கார்டிலிருந்து ஒரு குரல். நீங்கள் எல்லோரும் பேஸ், பேஸ் என்கிறீர்கள். என் வீட்டிலிருந்து பக்கத்து பேஸ் 140 மைல். மாசத்தில் ஒரு வாரக்கடைசி யூனிபார்ம், மற்ற நாள் ஐடி வேலை. என்னை ஆக்டிவேட் செய்தபோது (முழுநேரப் பணிக்கு அழைத்தபோது) அக்கம்பக்கத்தில் ஒருவருக்குமே நான் ராணுவத்தில் இருப்பது தெரியாது. என் மகள் வகுப்பில் அவளைத் தவிர ராணுவ வீட்டுப் பிள்ளை கிடையாது. டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "அப்பா வேலை விஷயமாக ஊருக்குப் போயிருக்கிறாரா?" என்று கேட்டாராம்.

கார்டின் ஃபேமிலி அசிஸ்டன்ஸ் சென்டர்கள் எல்லா மாநிலத்திலும் உண்டு. நல்ல விஷயம், ஆர்மியோ நேவியோ ரிசர்வோ, எந்தப் பிரிவுக் குடும்பமும் போகலாம். நடைவண்டி, உங்கள் ஊரில் பேஸைவிட அது கிட்டத்தில் இருக்கக்கூடும், பாருங்கள். கார்டு, ரிசர்வ் நண்பர்களுக்கு: 30 நாளுக்கு மேற்பட்ட ஆர்டர் வந்தால்தான் குடும்பத்துக்கு ஆக்டிவ் டியூட்டி மாதிரி டிரைகேர். டீர்ஸ் என்கிற ராணுவக் குடும்பப் பதிவேட்டில் மனைவி பிள்ளை பெயர் சரியாக இல்லையென்றால் அதுவும் நிற்கும். போகும்முன் அதைப் பாருங்கள். நம் பெயர்களில் எது ஃபர்ஸ்ட் நேம், எது லாஸ்ட் நேம் என்ற கூத்து வேறு. என் மனைவி ஒரு காகிதத்தில் என் அப்பா பெயரோடும் இன்னொன்றில் அவள் அப்பா பெயரோடும் இருந்தாள்.

---

எல்லைச்சாமி (பதிவு 9)

கொஞ்சம் விலகிப் பேசுகிறேன், மன்னிக்கவும். அப்பா இந்திய ராணுவம், மெட்ராஸ் ரெஜிமென்ட். அங்கே 1966 முதல் ராணுவ மனைவியர் நலச் சங்கம் இருக்கிறது, யூனிட்டில் குடும்பநலக் கூட்டமும் நடக்கும். அம்மா தையலும் இந்தியும் அங்கேதான் கற்றார். ஆனால் கமாண்டிங் ஆபீசர் மனைவி எதிரே உட்காரும்போது ஜவான் மனைவிக்கு வாய் வராது. கணவன்மாரின் பதவி மனைவிமாரின் நாற்காலி வரிசையிலும் தெரியும். இங்கே எப்படி?

---

கடலோடி_வீட்டுக்காரி (பதிவு 10)

ஹாஹா, இங்கேயும் வாசனை உண்டு தம்பி. சட்டப்படி மனைவிக்கு ரேங்க் கிடையாது. ஆனால் கூட்டத்தில் யார் பேச யார் தலையாட்டுகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

---

தனிமரம் (பதிவு 11)

நான் மனைவி இல்லை, வீரர். ஸ்டாஃப் சார்ஜென்ட், விவாகரத்தானவள், ஆறு வயசு மகள். இந்த இழையிலும் எல்லாரும் 'வீட்டுக்காரர் போனார், மனைவி தனியாக' என்றே பேசுகிறீர்கள். பழகிவிட்டது.

என்னை மாதிரி ஒற்றைப் பெற்றோர், கணவன் மனைவி இரண்டு பேருமே வீரர்கள் எல்லாம் ஃபேமிலி கேர் பிளான் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இன்றைக்குக் கிளம்பினால் குழந்தையை யார் வைத்துக்கொள்வார் என்று பெயர், கையெழுத்து, பவர் ஆஃப் அட்டர்னியோடு. அது சரியாக இல்லையென்றால் வேலையே போகலாம். அதில் குறுகிய காலப் பொறுப்பாளர் ராணுவத்தில் இல்லாதவராகவும் பக்கத்திலேயே இருப்பவராகவும் இருக்க வேண்டும். எனக்கு அம்மா, அக்கா எல்லாரும் எட்டாயிரம் மைல் தள்ளி. வந்த இடத்தில் ஆறு மாசத்துக்குள் "நடுராத்திரி கூப்பிட்டால் என் குழந்தையை எடுத்துக்கொள்வீர்களா" என்று யாரிடம் கேட்பது? எந்த அலுவலகத்திலும் அதற்குப் படிவம் கிடையாது. கடைசியில் எதிர்வீட்டு ஹோண்டுராஸ் பாட்டி கையெழுத்துப் போட்டார். அவருக்கும் எனக்கும் பொது மொழி கூகுள்.

---

நடைவண்டி (பதிவு 12)

தனிமரம் அக்கா, மன்னிச்சிடுங்க. எனக்கு அது தோன்றவே இல்லை.

மழலைமொழி மேடம், இன்றைக்கு எர்லி இன்டர்வென்ஷனுக்குப் போன் பண்ணினேன். டமில் என்றேன். பதினாறு நிமிஷம் காத்திருந்தேன், ஒரு அம்மா தமிழில் "வணக்கம்" என்றார். அழுதுவிட்டேன். அவரும் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் அதை மட்டும் மொழிபெயர்க்காமல் இருந்தார்.

---

மழைக்கு_ஒதுங்கியவன் (பதிவு 13)

என் கணவர் ஏர் ஃபோர்ஸ். ஆம், கணவர்தான், நானும் ஆண்தான். 2013 ஜூனில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, செப்டம்பரில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஐடி கார்டும் டிரைகேரும் கிடைத்தன. அதற்கு முன் அவர் டிப்ளாய்மென்டில் இருந்தபோது காகிதத்தில் நான் யாருமில்லை. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவருடைய அம்மாவின் கதவைத்தான் தட்டியிருப்பார்கள். அந்த அம்மா எனக்குச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இப்போது உரிமை எல்லாம் இருக்கிறது. ஆனாலும் புது பேஸில் குடும்ப நிகழ்ச்சிக்குள் நுழையும் முதல் ஐந்து நிமிஷம் நடைவண்டி எழுதினதேதான்.

---

*[பதிவு 14 நீக்கப்பட்டது.]*

நிர்வாகி (பதிவு 15)

இந்த இழையில் எழுதுகிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைப் பற்றி எழுதுகிறார்கள். அதை மனசில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இன்னொரு தடவை நீக்க மாட்டேன், கணக்கையே மூடிவிடுவேன்.

---

எதிர்க்கேள்வி (பதிவு 16)

எல்லாரும் இவ்வளவு எழுதுகிறீர்கள். 2025 ஜனவரி 31-லேயே பென்டகன் 'அடையாள மாதங்கள்' எல்லாம் ஒழிந்தன என்று அறிக்கை விட்டுவிட்டது. ஆசிய பசிபிக் மாதக் கொண்டாட்டம் கிடையாது, எதுவும் கிடையாது. இனி என்ன அனைவருக்குமான சேவை?

---

பழைய_சார்ஜென்ட் (பதிவு 17)

கொண்டாட்டத்துக்கு அரசு நேரமும் பணமும் இல்லை என்றது உண்மை, எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் அந்த மாதங்களில் நாங்கள் செய்தது என்ன? மேசை போட்டு, கொடி வைத்து, ஒரு டான்ஸ். என் மனைவி மூன்று வருஷம் அந்த மேசையில் நின்றாள். மூன்று வருஷமும் அவளுக்கு இஎஃப்எம்பி பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. விசேஷத் தேவைக் குடும்பங்களுக்கான உதவி சட்டத்தில் இருக்கிறது. ஊர்மாறும் பிள்ளைகளுக்கான பள்ளி ஒப்பந்தத்தில் 50 மாநிலமும் கையெழுத்திட்டிருக்கின்றன. அவற்றை எந்த மாதத்தோடும் சேர்த்துக் கட்டவில்லை.

---

மழைக்கு_ஒதுங்கியவன் (பதிவு 18)

சார்ஜென்ட், மேசையை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். நான் முதல் தடவை தைரியமாக உள்ளே போனது சுவரில் ஒட்டியிருந்த ஒரு சின்ன அறிவிப்பைப் பார்த்துத்தான். சேவை இருக்கலாம். 'இது உனக்கும்தான்' என்று ஏதோ ஒன்று சொல்ல வேண்டாமா?

---

பெயர்_வேண்டாம் (பதிவு 19)

இது புதுக் கணக்கு. பழைய கணக்கில் எழுத முடியாது.

யாராவது ஒருத்திக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். கவுன்சலிங் போனால் யூனிட்டுக்குத் தெரிந்துவிடும் என்று இரண்டு வருஷம் போகவில்லை. ஒன்சோர்ஸ் கவுன்சலிங் ஒரு பிரச்சினைக்குப் பன்னிரண்டு தடவை வரை இலவசம், சாதாரணமாக யூனிட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடி உதை, உயிருக்கு ஆபத்து என்றால் அவர்கள் சொல்லியாக வேண்டும். சாப்ளினிடம் (ராணுவ மதகுரு) சொன்னது மட்டும் அவரோடு நிற்கும். மதம் எதுவானாலும் போகலாம். (2011-ல் முதல் இந்து சாப்ளினாக பிரதிமா தர்ம் வந்தார் என்று படித்தேன். நான் பார்த்தவர் ஒரு பாப்டிஸ்ட். கதவைத் திறந்தே வைத்து மூன்று மணி நேரம் கேட்டார்.)

வீட்டில் அடி விழுந்தால் குடும்ப வன்முறையைக் கவனிக்கிற ஃபேமிலி அட்வகசி பிரிவில், பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கும் விக்டிம் அட்வகேட் இருப்பார். 'கட்டுப்படுத்தப்பட்ட புகார்' என்று சொல்லிக் கொடுத்தால் கமாண்டருக்குப் போகாது, சிகிச்சையும் உதவியும் கிடைக்கும். முதல் வாய் திறப்பதற்கு முன்பே அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் கிரீன் கார்டைக் காட்டி மிரட்டினால்: அவரை நம்பாமல் நீங்களே தனியாக விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. குடிவரவு வக்கீலைக் கேளுங்கள். எனக்கு அது தெரியாமல் போன காலம் இரண்டு வருஷம்.

---

கடலோடி_வீட்டுக்காரி (பதிவு 20)

பெயர் வேண்டாம் அம்மா, தனி மடல் அனுப்பியிருக்கிறேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

---

வார_இறுதி_வீரன் (பதிவு 21)

எல்லாரும் ஃப்ரிட்ஜில் ஒட்டிவைக்க ஒன்று. வீட்டில் சாவு, ஆபத்தான நோய் என்றால் வீரருக்குச் செய்தி போவது செஞ்சிலுவைச் சங்கம் வழியாக. அவர்கள் கேட்பது: முழுப் பெயர், ரேங்க், எந்தப் பிரிவு, பிறந்த தேதி அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண், யூனிட் முகவரி. என் மாமனார் போனபோது என் மனைவிக்கு என் யூனிட் பெயர் தெரியவில்லை. 'கார்டு' என்று மட்டும் தெரியும். தப்பு என்மேல்தான்.

---

நடைவண்டி (பதிவு 22, ஆறு வாரம் கழித்து)

எல்லாருக்கும் ஒரு தகவல். நடந்ததையும் நடக்காததையும் எழுதுகிறேன்.

மகனுக்குப் பரிசோதனை முடிந்தது. பேச்சுத் தாமதம் உறுதி. தெரபிஸ்ட் வாரம் ஒரு நாள் வீட்டுக்கே வருகிறார். "தண்ணி" என்கிறான், "போ" என்கிறான், நேற்று தெரபிஸ்டைப் பார்த்தே "போ" என்றான்.

கணவரிடம் சார்ஜென்ட் அண்ணா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே இஎஃப்எம்பிக்கு மெயில் போட்டுவிட்டார்.

நடக்காதது: நாங்கள் இருக்கிற பேஸில் குழந்தை பார்த்துக்கொள்ளும் உதவிக்குக் கேட்டேன். தகுதி இல்லை என்று ஒரே வரியில் பதில். ஏன் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. யூனிட் கூட்டத்துக்கு மறுபடி போகவில்லை. பொறுப்பில் இருக்கிற பெண்மணிக்கு மட்டும் எழுதினேன்: கூட்டத்தில் பேசுவதை முந்தின நாளே எழுத்தில் அனுப்ப முடியுமா, படித்துவிட்டு வந்தால் எனக்குப் புரியும் என்று. உடனே அனுப்பினார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். அந்த மெயிலை அவர் எங்கள் யூனிட்டின் ஒரு நேபாளிப் பெண்ணுக்கும் ஒரு கொரியப் பெண்ணுக்கும் அனுப்பியிருக்கிறார். கொரியப் பெண் காரில் அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேரும் போவதாக இருக்கிறோம். லைசென்ஸ் எழுத்துத் தேர்வில் ஒரு தடவை தோற்றாச்சு.

---

புதுவரவு_ஜேபிஎல்எம் (பதிவு 23)

வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில் லூயிஸ் மெக்கார்ட் பேஸில் இருக்கிறோம், வந்து மூணு வாரம். அவர் அடுத்த மாசம் கிளம்புகிறார். ஏழு மாசக் கர்ப்பம் எனக்கு. முழு இழையும் படித்தேன், தலை சுற்றுகிறது. எங்கே ஆரம்பிக்க?

---

நடைவண்டி (பதிவு 24)

வாங்க. அவர் கிளம்பும்முன் அவருடைய யூனிட் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி ஒட்டிவையுங்கள். டீர்ஸில் உங்கள் பெயர் சரியா என்று அவரோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். பவர் ஆஃப் அட்டர்னி பேஸ் சட்ட அலுவலகத்தில் இலவசம், குழந்தை பிறந்ததும் பதிவு செய்ய உங்களுக்கு அது வேண்டும். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

கார் ஓட்டுவீர்களா?